கரும்பலகையை யார் தொடுவது?

பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கிற எனக்குக் கல்வித் தொழில்நுட்பம் என்பது தேர்வுக்குரிய ஒரு பகுதி. பாடத்திட்டத்துக்குப் பாடத்திட்டம் தாளின் பெயர் மாறலாம்; சரக்கு ஒன்றுதான். எட்கர் டேல் 1946இல் வரைந்த அனுபவக் கூம்பு, ஸ்கின்னரின் கற்பிக்கும் எந்திரம், 1963இல் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த நுண்ணிலைக் கற்பித்தல், மிஸ்ராவும் கோலரும் 2006இல் எழுதிய மூன்று வட்டப் படம். கடைசியில் திறன்பலகை, செயலி, செயற்கை நுண்ணறிவு. படித்தால் பத்துச் சதம் நினைவில் நிற்கும், கேட்டால் இருபது, பார்த்தால் முப்பது என்று டேல் பெயரால் ஒரு கணக்கும் உண்டு. (டேல் தன் கூம்பில் எந்தச் சதவீதமும் போடவில்லை. பின்னால் வந்தவர்கள் ஒட்டவைத்தது. இன்றும் அதற்கு மதிப்பெண் கிடைக்கிறது.)

இந்தப் பக்கங்களில் கருவி இருக்கிறது. கருவியின் பயன் இருக்கிறது. நன்மை ஐந்து வரி, தீமை ஐந்து வரி இருக்கிறது. கருவியைத் தொடுகிற கை மட்டும் இல்லை. 'மாணவர்' என்று ஒருவர் வருகிறார். அவருக்கு வீடில்லை, தெருவில்லை, சாதியில்லை. ஆனால் கொஞ்சம் உற்றுப்பார்த்தால் அந்தப் பொதுச்சொல்லுக்குள் ஊர்த்தெருப் பையன்தான் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான் என்று தெரியும். நம்ம புள்ளைங்க உள்ளே வரும்போது 'மாணவர்' என்ற சொல் போதாமல் போய்விடுகிறது. 'பின்தங்கிய சூழல் மாணவர்', 'முதல் தலைமுறைக் கற்போர்' என்று தனி அத்தியாயம் திறக்கிறார்கள். அந்த அத்தியாயத்தில் கருவிகளைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. கருவிகளைப் பற்றிய அத்தியாயத்தில் நம்மைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

ஆகவே நான் வேறு நூல்களைக் கல்வித் தொழில்நுட்ப நூல்களாக வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். நம்மவர்கள் எழுதிய தன்வரலாறுகளைச் சொல்கிறேன். விமரிசகர்கள் அவற்றை 'வலியின் இலக்கியம்' என்று பெயரெழுதி ஓர் அலமாரியில் வைத்துவிட்டார்கள். வலி இருப்பது உண்மைதான். ஆனால் வலியை மட்டும் வாசிக்கிறவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். வகுப்பறையில் எந்தப் பொருள் எங்கே இருந்தது, அதை யார் தொடலாம், யார் தொடக்கூடாது, யார் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதை இந்த எழுத்துக்கள் அளவுக்குத் துல்லியமாக எந்தக் கல்வியியல் நூலும் எழுதி வைக்கவில்லை.

அம்பேத்கரை எடுத்துக்கொள்வோம். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறிய நூலில் தன் சதாராப் பள்ளியைப் பற்றி எழுதுகிறார். மற்ற பிள்ளைகளோடு உட்கார முடியாது, தனியாக ஒரு மூலை. உட்காருவதற்கு ஒரு சாக்குத்துண்டு. அந்தச் சாக்கைச் சாயங்காலம் வீட்டுக்குச் சுருட்டிக்கொண்டு போய் மறுநாள் கொண்டுவர வேண்டும், ஏனென்றால் பள்ளியைக் கூட்டுகிற ஆள் அதைத் தொடமாட்டான். தாகம் எடுத்தால் குழாயை அவரே திறக்கக்கூடாது. கடைநிலை ஊழியர் வந்து திறந்துவிட வேண்டும். ஊழியர் இல்லையென்றால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. குழாய் என்பது அந்தக் காலத்துப் புதிய தொழில்நுட்பம் அல்லவா? கிணறு போய்க் குழாய் வந்துவிட்டது, இனி தீட்டு ஓடிப்போகும் என்று யாராவது அன்றைக்கும் சொல்லியிருப்பார்கள். குழாய் வந்தது. குழாயைத் திருகுகிற கை மாறவில்லை.

அப்புறம் அந்தக் கரும்பலகை. தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. பம்பாய் எல்ஃபின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி. ஒரு கணக்கைப் போட்டுக்காட்ட ஆசிரியர் அம்பேத்கரைக் கரும்பலகைக்குக் கூப்பிடுகிறார். வகுப்பே எழுந்து கூச்சல் போடுகிறது. கரும்பலகைக்குப் பின்னால் சாதி இந்துப் பிள்ளைகளின் சோற்று டப்பாக்கள் இருக்கின்றன. அவர் பலகையைத் தொடுவதற்குள் ஓடிப்போய் டப்பாக்களை அகற்றுகிறார்கள். எங்கள் பாடநூலில் கரும்பலகையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், ஆசிரியர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும், எப்படித் துடைத்தால் தூள் பறக்காது, எல்லாம் இருக்கிறது. பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று இல்லை. பின்னால் இருப்பதைத் தெரிந்துகொள்ளாத எவரும் கரும்பலகையைப் பயன்படுத்தத் தெரிந்தவர் ஆகமாட்டார். திறன்பலகைக்கும் இதேதான். அதைச் சுவரோடு சேர்த்து ஆணியடித்துவிட்டார்கள், பின்னால் டப்பா வைக்க இடமில்லை. டப்பா எங்கே போனது என்பதுதான் கேள்வி.

அது எங்கே போனது என்பதை நான் பார்த்தேன். பயிற்சிக்காக எங்களை அனுப்பிய பள்ளிகளில் ஒன்றில், திறன்பலகை இருக்கிற அறைக்கு 'ஸ்மார்ட் ரூம்' என்று பெயர். சாவி தலைமையாசிரியர் மேசையில். ரிமோட் ஒரு பையனிடம். அவன் ஒன்பதாம் வகுப்பு, ஊரில் செல்வாக்கான குடும்பம். புரொஜெக்டரைப் போடுவது, பென்டிரைவைச் செருகுவது, ஒலியைக் கூட்டுவது எல்லாம் அவன்தான். பக்கத்து அறையிலிருந்து பெஞ்சுகளைத் தூக்கிவருவது, ஜன்னலுக்குத் துணி கட்டுவது, எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் சுமந்துவருவது காலனிப் பசங்க. யாரும் யாருக்கும் இப்படிப் பிரித்துக் கொடுக்கவில்லை. அதுவாகவே அப்படி நடந்தது. "ரிமோட்ட ஏன் சார் அவன்கிட்டயே குடுக்கறீங்க?" என்று வகுப்பாசிரியரைக் கேட்டேன். "பொறுப்பான பையன்மா" என்றார். கெட்ட மனுஷன் இல்லை அவர். உண்மையாகவே அப்படித்தான் நம்புகிறார். ஒருநாள் பென்டிரைவைக் காணோம். அப்போது முதலில் யார் பை திறக்கப்பட்டது என்று இந்த இதழின் வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பென்டிரைவ் கணினியிலேயே செருகியபடி இருந்தது.

பாமாவின் 'கருக்கு' (1992) படித்தவர்களுக்குப் பள்ளிக்கூடத்துத் தென்னைமரம் நினைவுக்கு வரும். விளையாட்டில் தொட்ட குரும்பை விழுகிறது. விசாரணை கிடையாது, சாதியே சாட்சி. அந்தப் பகுதியை இரக்கத்தோடு மட்டும் வாசித்துவிட்டு மூடிவிடக்கூடாது. பொதுப்பொருள் ஒன்று பள்ளிக்குள் இருக்கும்போது, அது தென்னங்குரும்பையோ பென்டிரைவோ, 'பொறுப்பு' யார் பக்கமும் 'சந்தேகம்' யார் பக்கமும் போய்ச் சேர்கிறது என்பதற்கான விதி அங்கே இருக்கிறது. கணினி வாங்குகிற பள்ளிகள் இந்த விதியையும் சேர்த்தே நிறுவுகின்றன. கண்காணிப்புக் கேமரா வைத்தாலும் சரி, பதிவை ஓட்டிப்பார்க்கிறவர் யாரை எதிர்பார்த்துப் பார்க்கிறார் என்பது இருக்கிறதே.

இந்தப் பொறுப்பான பையனுக்கு ஒரு வம்சாவளி உண்டு. பழைய பெயர் சட்டாம்பிள்ளை. எங்கள் பாடநூல் இதைப் பெருமையோடு சொல்கிறது: ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் சென்னையில், ராணுவத்தாரின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை விடுதியில், மூத்த பையன்களை வைத்து இளையவர்களுக்குப் பாடம் சொல்ல வைத்தார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதையும் எடுத்துக்கொண்டார், 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார், 'மெட்ராஸ் முறை' உலகமெல்லாம் பரவியது. சரி. மணலைவிட மலிவான தொழில்நுட்பம் உண்டா? மணல் எல்லார் தெருவிலும் கிடக்கிறது. எங்கள் தெருவில் கூடுதலாகவே கிடக்கிறது. அப்படியும் திண்ணைப் பள்ளிகளில் நம் பாட்டன் முப்பாட்டன்களுக்கு இடமில்லை. திண்ணை இருந்த தெருவுக்குள்ளேயே கால்வைக்க முடியாதே. 1894இல் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் பள்ளியைத் தொடங்க வேண்டிவந்தது மணல் தட்டுப்பாட்டினால் இல்லை. கருவி மலிவானால் கல்வி பொதுவாகும் என்று இன்றைக்கு நமக்குச் சொல்லப்படுகிற தர்க்கத்துக்கு மணலே எதிர்ச்சாட்சி.

இரட்டைமலை சீனிவாசன் 1939இல் வெளியிட்ட 'ஜீவிய சரித்திர சுருக்கம்' இன்னொரு கருவியைப் பற்றிச் சொல்கிறது. பள்ளிக்கூட மணி. கோயமுத்தூரில் அவர் படித்த இடத்தில் சுமார் 400 பேரில் பத்துப் பேரைத் தவிர மற்றவர்கள் பார்ப்பனர்கள். பழகினால் சாதி தெரிந்துவிடும், தெரிந்தால் ஏளனம் செய்வார்கள் என்று பயந்து, பள்ளிக்கு வெளியே எங்காவது வாசித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகே உள்ளே போவார். இந்த இடத்தில் நான் நீண்டநேரம் நின்றுவிட்டேன். மற்ற பிள்ளைகளுக்கு மணி என்றால் விளையாட்டு முடிந்தது என்று பொருள். அவருக்கு மணி என்றால் இனி யாரும் பேச்சுக்கொடுக்க முடியாது, இனி பத்திரம் என்று பொருள். ஒரே ஓசை. ஒரே கருவி. இரண்டு பயன்பாடு. கருவி நடுநிலையானது, பயன்படுத்துவதைப் பொறுத்தது என்று நன்மை தீமை எழுதுகிறவர்கள் இந்த ஒரு பத்திக்குப் பதில் சொல்லட்டும்.

மணி என்றதும் இன்னொன்று வருகிறது. கொரோனாவில் 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடின. கேரள அரசு 2020 ஜூன் 1 அன்று தொலைக்காட்சி வழியே வகுப்புகளைத் தொடங்கியது. நிகழ்ச்சியின் பெயர் 'ஃபர்ஸ்ட் பெல்', முதல் மணி. அதே நாளில் மலப்புரம் மாவட்டத்தில் ஒன்பதாம் வகுப்பு படித்த ஒரு தலித் மாணவி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். நன்றாகப் படிக்கிற பெண். வீட்டுத் தொலைக்காட்சி பழுது. வகுப்பைப் பார்க்க முடியவில்லை. எழுத்தறிவில் முதலிடம் என்று நாடே மெச்சுகிற மாநிலம் அது. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய திட்டம்தான். மணி அடித்தவர்களுக்கு அது எந்த வீடு வரைக்கும் கேட்கும் என்று அளந்து பார்க்கத் தோன்றவில்லை.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில், தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் வசதி குறைந்த ஏறத்தாழ 1,400 பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் ஜான் த்ரேஸ் முதலானோர் ஒருங்கிணைத்த குழு விசாரித்தது. கிராமப்புறத்தில் தொடர்ந்து இணையவழியில் படித்துக்கொண்டிருந்தவர்கள் தலித், ஆதிவாசிப் பிள்ளைகளில் நூற்றுக்கு நான்கு பேர். மற்றவர்களில் பதினைந்து பேர். பதினைந்தும் கேவலம்தான். ஆனால் கேவலத்துக்குள்ளும் ஊர் ஒரு பக்கம், சேரி ஒரு பக்கம். இதைக் கோடு போட்டுப் பிரித்தது யார்? ஸ்மார்ட்போனுக்குச் சாதி தெரியாது. அதை வாங்குகிற காசுக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு என்பார்கள். கொஞ்சம் வேறுதான், மறுக்கவில்லை. 2006இல் கொடுக்கத் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சி எங்கள் காலனியில் பல வீடுகளுக்கு வந்தது. அதைக் கேலி செய்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருந்தது. 2011இல் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மடிக்கணினி வந்தபோதும் அதே கேலி, 'படம் பார்க்கத்தான் பயன்படும்' என்று. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. பொதுமுடக்கத்தில் பாடம் அதில் ஓடியது. எங்கள் வீட்டுப் பெட்டியில் தம்பிக்குப் பாடம் ஓடும். அம்மா களையெடுப்புக்குப் போயிருப்பார். சந்தேகம் கேட்க ஆளில்லை. பெட்டி பேசும், கேட்காது. "அது பாட்டுக்குப் பேசுது, இன்னான்னு நிறுத்திக் கேக்கறது?" என்பான் தம்பி. இதைவிடச் சுருக்கமான கல்வித் தொழில்நுட்ப விமரிசனத்தை நான் இன்னும் எந்த நூலிலும் படிக்கவில்லை.

பிறகு 2021 அக்டோபரில் எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில்தான், மரக்காணம் பக்கம், 'இல்லம் தேடிக் கல்வி'யைத் தொடங்கிவைத்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய்க்கு நானும் தன்னார்வலர். என் கைப்பேசிதான் கருவி. சாயங்காலம் மாரியம்மன் கோயில் மேடையில் இருபது பிள்ளைகள். திட்டம் நல்ல திட்டம். நம்ம தெருப் பெண்களை 'டீச்சர்' என்று பிள்ளைகள் கூப்பிட வைத்த திட்டம். ஆனால் இல்லத்தைத் தேடி வருகிற கல்வி எந்த இல்லத்துக்கு வரும்? எங்கள் ஊரில் காலனிக்கு ஒரு மையம், ஊருக்கு ஒரு மையம் என்று அமைந்தது. ஊர்த்தெருவில் ஒரு தன்னார்வலர் நின்றுபோனபோது அந்தப் பிள்ளைகளை என்னிடம் அனுப்பச் சொன்னார்கள். ஒருவரும் வரவில்லை. ஒரு அம்மா மட்டும் நேராகவே சொன்னார்: "நீ நல்லா சொல்லித் தர்றேன்னு தெரியும் கண்ணு. அந்த எடத்துக்கு எப்பிடி அனுப்பறது?" செயலியில் இரண்டு மையமும் ஒரே பச்சை நிறத்தில் தெரிந்தன.

சுவரில் ஓட்டை போட்டுக் கணினி வைத்த கதையையும் சொல்லிவிடுகிறேன். 1999இல் தில்லி கால்காஜியில் சுகதா மித்ரா தன் அலுவலகச் சுவரில் கணினியைப் பதித்தார். அடுத்த பக்கம் சேரி. பிள்ளைகள் தாங்களாகவே பழகிக்கொண்டார்கள், ஆசிரியரே தேவையில்லை என்று உலகம் கைதட்டியது. 2013இல் பெரிய பரிசும் கிடைத்தது. எல்லாரும் ஓட்டையைப் பார்த்தார்கள். எனக்குச் சுவர்தான் கண்ணில் படுகிறது. உத்தப்புரத்துச் சுவரைப் பார்த்தவர்கள் நாம். 2008இல் அதன் ஒரு பகுதியை இடிக்கவே எவ்வளவு போராட வேண்டியிருந்தது! சுவரை வைத்துக்கொண்டு ஓட்டை போட்டுத் தருகிறவர்களிடம் நமக்குப் பெரிய வியப்பு எதுவும் இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, அப்படியானால் இவள் எந்திரமே வேண்டாம் என்கிறாள், பழைய மரத்தடிக்குப் போகலாம் என்கிறாள் என்று யாராவது முடிவு கட்டினால் அது நடக்காது. மரத்தடியின் நிழல் யாருக்கு விழுந்தது என்று நமக்குத் தெரியும். கைராட்டையும் கைத்தொழிலும் போதும் என்ற காந்தியத்துக்கு அம்பேத்கர் 1945இல் பதில் எழுதினார். எந்திரம் மனிதனுக்கு ஓய்வைத் தருகிறது, ஓய்வில்லாமல் பண்பாடு இல்லை. எந்திரத்தால் தீமை வருகிறதென்றால் குறை எந்திரத்தில் இல்லை, சமூக அமைப்பில் இருக்கிறது என்பது அவர் வாதம். காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ஆதாரக் கல்வியில் கருவி தக்ளி. ராஜாஜி 1953இல் கொண்டுவந்த திட்டத்தில் கருவி அவரவர் அப்பன் தொழில். அரைநாள் பள்ளி, மீதி நேரம் குலத்தொழில். குலக்கல்வி என்று பெரியார் இயக்கம் எதிர்த்தது. 1954இல் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் போனது. ராஜாஜி திட்டத்தையும் நாம் ஒரு கல்வித் தொழில்நுட்பத் திட்டமாகத்தான் வாசிக்க வேண்டும். எந்தப் பிள்ளை கையில் எந்தக் கருவியைக் கொடுப்பது என்று அது வெளிப்படையாகச் சொன்னது. மற்றவர்கள் வெளிப்படையாகச் சொல்வதில்லை.

நம் பிள்ளைகள் கையில் பள்ளிக்கூடம் தயங்காமல் கொடுத்த கருவி ஒன்று உண்டு. துடைப்பம். ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' (1997) நூலில் தலைமையாசிரியர் ஒரு சிறுவனை வகுப்பிலிருந்து எழுப்பிப் பள்ளி முழுவதையும் கூட்டச் சொல்கிறார். ஒரு நாள் இல்லை, அடுத்தடுத்த நாட்கள். மூன்றாம் நாள் அப்பா பார்த்துவிட்டுத் துடைப்பத்தைப் பிடுங்கி எறிகிறார். அது உத்தரப்பிரதேசம், அந்தக் காலம் என்று ஆறுதல் அடைய வழியில்லை. 2022இல் நம் ஈரோடு மாவட்டத்தில் ஓர் அரசுத் தொடக்கப்பள்ளியில் பட்டியல்சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவவைத்த தலைமையாசிரியை கைதானார். ஒரு பிள்ளைக்கு டெங்குக் காய்ச்சல் வந்து, அது அம்மாவிடம் சொல்லப்போய்த்தான் வெளியே தெரிந்தது. அந்தப் பிள்ளைகள் கையில் பிளீச்சிங் பவுடர் இருந்தது. வகுப்பில் இணையம் உண்டா இல்லையா என்று கேட்பதற்கு முன்னால் கழிவறைக்கு ஆள் உண்டா என்று கேட்கவேண்டியிருக்கிறது நமக்கு. 6,029 பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம், 22,931 தொடக்கப்பள்ளித் திறன்மிகு வகுப்பறை என்று அரசு அடுக்குகிற எண்களை நான் குறைத்துப் பேசவில்லை. தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்ட முடியாத நமக்கு அந்த எண்கள் வேண்டும். கூடவே இன்னோர் எண்ணும் வேண்டும்: எத்தனை பள்ளியில் துப்புரவுக்குச் சம்பளம் பெறுகிற ஆள் இருக்கிறார் என்பது.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, நான் தமிழ் ஆசிரியை ஆகப்போகிறவள். பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் திருத்துகிற செயலி ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பாப்பாவிடம் கொடுத்தேன். திரையில் 'தண்ணீர்'. பாப்பா "தண்ணி" என்றது. எந்திரம் காத்திருந்தது. "தண்ணி." மறுபடி காத்திருந்தது. பாப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இதுக்குக் காது கேக்கலக்கா" என்றது. எவ்வளவு தன்மானமான பதில்! அந்த வயதில் வகுப்பில் நான் "இஸ்துகினு" என்று சொன்னதற்கு ஆசிரியர் சிரித்தார், வகுப்பு சிரித்தது. காது கேட்கவில்லை என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. எந்திரம் சிரிக்காது. அது அதன் நல்ல குணம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சேரிப் பேச்சை எழுத்தில் ஏற்றி, அதுவும் தமிழ்தான் என்று தொண்ணூறுகளில் நம் எழுத்தாளர்கள் நிலைநாட்டியது எந்தச் செயலிக்குள் போயிருக்கிறது? குரலுக்கும் எழுத்துக்குமான எந்திரங்களுக்கு எந்தத் தெருவின் தமிழை ஊட்டுகிறார்கள் என்பது இனிமேல் தமிழ் ஆசிரியர்கள் கேட்க வேண்டிய இலக்கணக் கேள்வி. 'கருக்கு' அதற்கு ஊட்டப்பட வேண்டும். எங்கள் அம்மாவின் ஒப்பாரியும் ஊட்டப்பட வேண்டும், அம்மாவைக் கேட்டுக்கொண்டு.

ஒரு இடத்தில் மட்டும் நான் தயங்காமல் எந்திரத்தின் பக்கம். உதவித்தொகைப் படிவம் வரும் நாள் நம்மில் யாருக்கு மறக்கும்? "எஸ்.சி. புள்ளைங்கல்லாம் எழுந்து நில்லுங்க." நாற்பது கண் திரும்பும். அந்த ஒரு வாக்கியத்தை ஒழிக்க ஒரு கணினி போதும்; விவரம் பதிவேட்டில் இருக்கிறது, பணம் வங்கிக்குப் போகிறது, யாரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. ஆனால் பள்ளிகளில் எமிஸ் வந்து எத்தனை ஆண்டாகிறது? இன்னும் எழுப்பி நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். படிவத்துக்குத் தேவைப்படுவதால் இல்லை, பழக்கத்தால், சில பேருக்குப் பிடித்திருப்பதால். சாதி விவரம் நமக்கு வேண்டும். இடஒதுக்கீடும் உதவித்தொகையும் அதில்தான் நிற்கின்றன. அதைப் பார்க்கிற கண் எது என்பதுதான் பிரச்சினை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சக மாணவர்களே வீடு புகுந்து ஒரு தலித் மாணவனையும் தங்கையையும் வெட்டிய பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி இருக்கக்கூடாது, கையில் வண்ணக்கயிறு கூடாது, மாணவர்கள் பள்ளிக்குள் கைப்பேசி கொண்டுவரக்கூடாது என்றெல்லாம் பரிந்துரைத்தது. கயிறு மணிக்கட்டில் இருந்தது. இப்போது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருக்கிறது, முப்பது நொடிச் சாதிப் பாட்டு ரீல்ஸில் இருக்கிறது. பள்ளி வாசலில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்ளலாம். சாயங்காலம் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். எங்கள் கல்வித் தொழில்நுட்பத் தாளில் 'சமூக ஊடகத்தின் கல்விப் பயன்கள்' என்று பத்து மதிப்பெண் வினா இருக்கிறது. சாதிப் பெருமை ரீல்ஸை வகுப்பில் எப்படி எதிர்கொள்வது என்று அரை மதிப்பெண்ணுக்குக்கூட எதுவும் இல்லை. நாளைக்கு நான் நிற்கப்போவது அந்த வகுப்பில்தான்.

பயிற்சிக் கற்பித்தலுக்கு நாங்கள் பாடத்திட்டம் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். அதில் 'கற்பித்தல் துணைக்கருவிகள்' என்று ஒரு கட்டம். விளக்கப்படம், மடிக்கணினி, ஒலிபெருக்கி என்று எழுதுவோம். நான் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு 'கையாள்பவர்' என்று இன்னொரு கட்டம் சேர்த்தேன். இன்றைக்கு ரிமோட் யார், நாளைக்கு யார், பெஞ்சு யார் தூக்குவது, சுழற்சி எப்படி என்று பெயர் போட்டு எழுதினேன். துடைப்பத்துக்கும் ஒரு வரி. அதில் என் பெயரும் வகுப்பு முழுவதும். மேற்பார்வைக்கு வந்த பேராசிரியர் பார்த்துவிட்டு, "இது படிவத்துல கெடையாதேம்மா" என்றார். கையெழுத்துப் போட்டார். பென்சில் கோட்டை அழிக்கச் சொல்லவில்லை. மையால் எழுதவும் சொல்லவில்லை.

இதைப் படிக்கிற ஆசிரியர்கள், ஆசிரியப் பயிற்சியில் இருப்பவர்கள், படித்து முடித்தவர்கள், பாதியில் நின்றவர்கள் எழுத வேண்டும். நீங்கள் படித்த பள்ளியில் மணியை அடித்தது யார்? தண்ணீர்ப் பானையில் மொண்டு கொடுத்தது யார்? கணினி அறைச் சாவி யாரிடம் இருந்தது? நீங்கள் முதன்முதலில் விசைப்பலகையைத் தொட்டது எந்த வகுப்பில், அப்போது பக்கத்தில் இருந்தவர் என்ன செய்தார்? கவிதையாக வேண்டாம். நாள், இடம், பொருள், கை என்று எழுதுங்கள்.